கம்பியில் தொங்கிய மஞ்சள் வண்டி

செத்துப்போன ஒருத்தனுக்குப் பெயிண்ட் அடித்தவன் இந்தத் திருநெல்வேலிச் சீமையிலேயே நான் ஒருத்தன்தான். அதுவும் ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. முதலில் பச்சை, அப்புறம் நீலம், கடைசியில் கறுப்பு. மூன்றையும் அவன் முழங்காலாலேயே தேய்த்துத் தீர்த்துவிட்டான்.

இதைச் சொன்னால் சிரிக்காத ஆள் வண்ணார்பேட்டையில் கிடையாது. சிரிப்பவர்களில் முதல் ஆள் சுவிசேஷமுத்து. ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்துவிட்டு, நான் ஓய்வு பெற்ற அதே வருஷம் ஓய்வு பெற்றவர். எந்தப் புட்டியில் எந்த அமிலம் என்று மூடியை மோந்தே சொல்லிவிடுவார். எதற்கும் ஒரு காரணம் வைத்திருப்பார். காரணம் இல்லாத காரியம் ஒன்று உலகத்தில் உண்டு என்று ஒப்புக்கொண்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அடக்கமாகவே சொல்கிறேன். பெயர் சிவசைலம். பஸ் பணிமனையில் முப்பத்தாறு வருஷம் பெயிண்டர். நான் அடித்த பஸ்ஸின் பக்கவாட்டில் முகம் பார்த்து நாலு மாப்பிள்ளைமார் மீசை ஒதுக்கிக்கொண்டு தாலி கட்டப் போயிருக்கிறார்கள். பறக்கிற கொசுவின் இடது இறக்கைக்கு மட்டும் ஸ்பிரே அடித்து, வலது இறக்கையில் ஒரு பொட்டு படாமல் விட்டிருக்கிறேன். அந்தக் கொசுவை இதுவரை யாருமே பார்க்கவில்லையே என்று என் மனைவி பிரம்மநாயகி கேட்பாள். கொசு என்ன வீட்டுக்கு வீடு போய்க் காட்டிக்கொண்டா திரியும்?

ஓய்வு பெற்ற பிறகு கை சும்மா இருக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் சந்துப் பக்கம் பார்த்து ஒரு ஷெட் போட்டேன். மேலே ஆஸ்பெஸ்டாஸ், நாலு பக்கமும் செங்கல், ஜன்னல் கிடையாது, தூசி வரக்கூடாது என்பதற்காக. ஒரே கதவு. அந்தக் கதவை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் காலை பத்து மணிக்குப் பேப்பரோடு உட்காரும் சுவிசேஷமுத்து, மாலை ஐந்து மணிக்குத்தான் எழுந்திரிப்பார். உள்ளே போகிறவன், வெளியே வருகிறவன், அவர் காலை மிதிக்காமல் நகர முடியாது.

தாஜ் முகம்மது வந்தது தொண்ணூற்றாறு ஐப்பசியில். மழை விட்டு விட்டுப் பெய்த வாரம். பகல் பதினொரு மணிக்கு ஆட்டோ வந்து நின்றது. மேலப்பாளையத்துக்காரர், நாற்பதுக்கு ஒன்றிரண்டு குறைச்சல், நிலையில் தலை இடிக்கிற உயரம். மஸ்கட்டில் ஓர் அரபி வீட்டில் பதினோரு வருஷம் டிரைவராக இருந்துவிட்டு, ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டவர். ஒரு சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்து தரையில் கவிழ்த்தார்.

ஏழு துண்டு மஞ்சள் பிளாஸ்டிக்.

யார் வீட்டு வாளியை உடைத்துக்கொண்டு வந்தீர்கள் தம்பி என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. அது ஒரு பைக்கின் உடம்பாம். டர்ட் பைக். மணலிலும் மேட்டிலும் பாய்ந்து ஓடுவதற்கென்றே செய்த வண்டி; விளக்கு கிடையாது, ஹாரன் கிடையாது, முன்சக்கர மட்கார்டு கொக்கு மூக்கு மாதிரி முழ நீளம் நீட்டிக்கொண்டிருக்கும். முன் மட்கார்டு, நம்பர் எழுதுகிற போர்டு, பெட்ரோல் டாங்குக்கு இரண்டு பக்கமும் இரண்டு இறக்கை, சீட்டுக்கு அடியில் இரண்டு பக்கப் பலகை, பின் மட்கார்டு. ஆக ஏழு. அரபி வீட்டில் கொடுத்த வண்டி, கப்பலில் தூத்துக்குடிக்கு வந்து இறங்கியது. சீவலப்பேரி ஆற்று மணலில் இரண்டு தடவை ஓட்டியிருக்கிறார். இப்போது கலர் மாற்ற வேண்டும்.

என்ன கலர் என்று கேட்டேன்.

“மஞ்ச இல்லாத எதுவும், அண்ணாச்சி.”

சொல்லிவிட்டு அந்தத் துண்டுகளை ஒரு தடவை பார்த்தார். ஆஸ்பத்திரியில் ஆளை விட்டுவிட்டுப் போகிறவன் வாசலில் நின்று பார்ப்பானே, அந்த மாதிரி.

அவர் போனதும் சுவிசேஷமுத்து பேப்பரை மடித்தார். பிளாஸ்டிக்கில் பெயிண்ட் பிடிக்காது, அது எண்ணெய்க்குப் பிறந்த சாமான், உம்முடைய பஸ் வித்தை இங்கே செல்லாது என்றார். இரும்பு, மரம், தகரம், என் மாமனார் தலை, எதிலும் பிடிக்க வைப்பேன் என்றேன் நான்.

வேலையை முறையாகத்தான் செய்தேன். சோப்புத்தூள் போட்டு இரண்டு கழுவு. நானூறு நம்பர் வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேய்ப்பு, அறுநூறில் இன்னொரு தேய்ப்பு, பளபளப்பு செத்து மங்கலாகும் வரை. தின்னரில் நனைத்த துணியால் ஒரு துடைப்பு. அதிகம் துடைத்தால் பிளாஸ்டிக் இளகிவிடும். இரும்பைத் தேய்த்தால் ஓர் இடத்தில் வெள்ளை உலோகம் தெரியும், வேலை முடிந்தது என்று கைக்குத் தெரியும். இது அப்படி இல்லை. தேய்க்கத் தேய்க்க உள்ளேயும் மஞ்சள். ஊற்றும்போதே நிறம் கலந்து ஊற்றியது. அடிவரைக்கும் மஞ்சள்.

பச்சை அடித்துக் காயப் போட்டேன். இங்கேதான் நான் செய்த தப்பு.

பணிமனையில் எனக்கு ஒரு பழக்கம். ஒரு பஸ்ஸின் கதவு, பானெட், மட்கார்டு எல்லாவற்றையும் கழற்றி அடித்தால், வண்டியில் அவை எந்த வரிசையில் இருக்குமோ அதே வரிசையில்தான் தொங்கவிடுவேன். இடது இடதாக, வலது வலதாக. அப்போதுதான் மாட்டும்போது குழப்பம் வராது. ஷெட்டில் குறுக்கே இரண்டு கம்பி கட்டியிருந்தேன். அதில் ஏழு துண்டையும் அப்படியே தொங்கவிட்டேன். முன்னால் கொக்கு மூக்கு, அதன் பின்னால் போர்டு, அப்புறம் ஒரு முழ இடைவெளியில் எதிரும் புதிருமாக இறக்கைகள், பலகைகள், கடைசியில் வால். உயரம்கூட ஒரு வண்டியின் உயரம்தான்.

இரும்பும் எஞ்சினும் சீட்டும் மட்டும் இல்லாத ஒரு வண்டி என் ஷெட்டுக்குள் நின்றது. அழகாக இருக்கிறது என்று நானே மெச்சிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் பகலில் கதவைத் திறந்தேன். பெயிண்ட் வாடையைத் தாண்டி வேறொரு வாடை. வெயிலில் காய்ந்த புழுதியும் சூடான பெட்ரோலும். வெளியே நசநசவென்று மழை.

டாங்க் இறக்கை இரண்டிலும், உட்பக்கமாக இல்லை, வெளியே தெரிகிற பக்கம், உள்ளங்கை அகலத்துக்குப் பச்சை போயிருந்தது. உள்ளே மஞ்சள் தெரிந்தது.

சுவிசேஷமுத்துவுக்கு ஒரே சந்தோஷம். நான் சொல்லலையா, உரிஞ்சிட்டு பாரும் என்றார்.

உரியவில்லை. அது எனக்குத் தெரியும். பெயிண்ட் உரிந்தால் ஓரம் கூராக, அப்பளம் உடைந்த மாதிரி நிற்கும். இது ஓரமே இல்லாமல் பச்சை மெலிந்து மெலிந்து மஞ்சளில் கரைந்திருந்தது. பஸ்ஸில் கண்டக்டர் இடுப்பைச் சாய்த்து நிற்கிற கம்பி இருக்கிறதே, அதில் பெயிண்ட் இப்படித்தான் போகும். வருஷக்கணக்கில், ஓர் உடம்பு பட்டுப் பட்டு.

அங்கே பட்டது இரண்டு முழங்கால்.

வாலிபன் ஒருத்தன் வண்டியை இறுக்கிக்கொண்டு ஓட்டினால் முழங்கால் எங்கே அழுத்துமோ, சரியாக அந்த இடம்.

சுவிசேஷமுத்து அசரவில்லை. ஈரக் காற்று, தின்னர் சரியாக ஆவியாகவில்லை, துண்டுகள் ஒன்றோடொன்று உரசியிருக்கும் என்று மூன்று காரணம் சொன்னார். ஒரு முழத் தூரத்தில் தொங்கியவை எப்படி உரசும் என்று நான் கேட்டதற்கு, காற்று என்றார். ஜன்னல் இல்லாத ஷெட்டில்.

சரி என்று மறுபடியும் ஆரம்பித்தேன். எல்லாவற்றையும் தேய்த்து எடுத்தேன். இந்தத் தடவை பிளாஸ்டிக்குக்கென்றே உள்ள பிரைமரை சுவிசேஷமுத்துவே மதுரையிலிருந்து வரவழைத்தார். அவரே பக்கத்தில் நின்று அளவு சொன்னார். நீலம் அடித்தோம். இரண்டு நாள் காயவிட்டு அவரே சோதனையும் செய்தார். பசைநாடாவை ஒட்டிச் சடாரென்று இழுத்தார். ஒரு பொட்டு வரவில்லை. மட்கார்டை வில் மாதிரி வளைத்தார். ஒரு கீறல் விழவில்லை. இனிமேல் இதை உரிக்கணும்னா உளி வேணும்வே என்று சொல்லி, அதே வரிசையில் என்னோடு சேர்ந்து மாட்டியும் விட்டார்.

நாலாம் நாள் பகல் இரண்டு மணிக்கு உள்ளே போனேன். கரண்ட் இல்லை. கதவு வழியாக வந்த வெளிச்சம் கம்பி வரைக்கும்தான் எட்டியது. மழை நின்று, சந்தில் இலைகூட அசையவில்லை.

கம்பி லேசாக முனகியது.

ஏழு துண்டும் இடது பக்கம் சாய்ந்தன. ஒன்றன்பின் ஒன்றாக அல்ல, ஒரே சமயத்தில், ஒரே அளவு. கொஞ்ச நேரம் அப்படியே நின்றன. அப்புறம் பைய நிமிர்ந்தன. பிறகு வலது பக்கம்.

மணல் மேட்டில் வளைந்து வளைந்து போகிற வண்டி அப்படித்தான் சாயும்.

இறக்கைகளில் நீலம் போயிருந்தது. அதே இடம், அதே அளவு.

நான் வெளியே வந்து சுவிசேஷமுத்துவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் எட்டிப் பார்த்தபோது ஏழும் அசையாமல் தொங்கின. தேய்ந்த இடத்தை விரலால் தடவினார். பிரைமர் கலப்படம் என்றார். ஆனால் அன்றைக்கு ஐந்து மணி வரை இருக்காமல் நாலு மணிக்கே எழுந்து போனார்.

தாஜ் முகம்மதுவுக்கு ஆள் அனுப்பினேன். வந்தார். இரண்டு இறக்கைகளையும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் அவர் சொன்னதைத்தான் இங்கே சொல்கிறேன்.

அரபி வீட்டில் ஒரே பையன். பத்தொன்பது வயது. கைக்குழந்தையிலிருந்து இல்லாவிட்டாலும், எட்டு வயதிலிருந்து தாஜ் கூடவே வளர்ந்தவன். வாப்பாவைவிட இவரிடம்தான் ஒட்டுதல். மணலில் ஓட்ட மஞ்சள் வண்டி வாங்கினான். வண்டியை உதைத்துக் கிளப்பிக் கொடுப்பது தாஜ்தான். தினமும் கேட்பானாம், தாஜ், பின்னால் ஏறு, ஒரு சுற்று என்று. இவருக்கு அந்த வேகம் என்றால் பயம். தினமும் இவர் சொல்கிற பதில் ஒன்றுதான்: நாளைக்கு. அன்றைக்கும் கேட்டான். அன்றைக்கும் இவர் நாளைக்கு என்றார். சீட்டில் முன்னால் தள்ளி உட்கார்ந்து, பின்னால் இடம் விட்டுத்தான் போனானாம். மேட்டுக்கு அந்தப் பக்கம் சத்தம் நின்றது. கழுத்து முறிந்து கிடந்தான்.

என் கண்ணில் படாத தூரத்துக்கு எடுத்துப் போ என்று தகப்பன் வண்டியை இவரிடமே கொடுத்துவிட்டார்.

“எரிச்சிருக்கலாமே தம்பி?”

“எரிக்கத்தான் நெனச்சேன். கை வரல அண்ணாச்சி. மஞ்சளப் பாத்துத்தான் அடையாளம் வச்சிருக்கான். கலரு மாறுனா எறங்கிப் போயிருவான்னு பாத்தேன்.”

இறங்கவில்லை என்று இருவருக்கும் தெரிந்தது.

மறுநாள் அவர் மனைவி நிலோஃபர் வந்தார். குடையை மடக்காமலே சந்தில் நின்றார். பிரம்மநாயகிதான் உள்ளே அழைத்து உட்கார வைத்தாள். பிளாஸ்டிக் எல்லாம் கழற்றிய அந்த வண்டி அவர்கள் வீட்டு முற்றத்தில் சங்கிலி போட்டு நிற்கிறதாம். அஸர் தொழுகை முடிந்து வந்ததும் தாஜ் போய் அதன்மேல் உட்கார்ந்துவிடுகிறார்.

“முன்னால எடம் விட்டு உக்காருதாஹ அண்ணாச்சி. ஹேண்டிலு எட்டாது. கைய இப்படி வச்சிக்கிட்டு... ஒரு ஆளப் புடிச்ச மாதிரி.”

பிரம்மநாயகி என் முகத்தைப் பார்த்தாள். என்னிடம் வேடிக்கை ஒன்றும் அகப்படவில்லை.

நிலோஃபர் கேட்டது ஒன்றே ஒன்று. அந்தத் துண்டுகளைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. பிளாஸ்டிக் இல்லாமல் ஓட்டினால் எஞ்சினுக்குள் மணல் போய்விடும், அதனால் மாட்டாமல் ஓட்டமாட்டேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். பெயிண்ட் காயவில்லை, கலர் வரவில்லை, ஏதாவது சொல்லி நாளைக் கடத்துங்கள். ஜனவரியில் அவரை என் அண்ணன் கூடக் கோலாலம்பூருக்கு ஏற்றிவிடப் போகிறேன். அதுவரைக்கும்.

“ஒங்ககிட்ட அது இருக்குற வரைக்கும் அவுஹ உசிருக்கு ஒண்ணுமில்ல.”

நான் வாக்குக் கொடுத்தேன். உலகத்திலேயே எனக்கு நன்றாக வருவது இரண்டு: பெயிண்ட் அடிப்பது, பொய் சொல்லி நாள் கடத்துவது. இந்த ஒரு வேலையில் தோற்க மாட்டேன் என்று நினைத்தேன். கறுப்பு அடித்தேன். பசைநாடா ஒட்டிப் பார்த்தேன். காயவில்லை என்று சொல்வதற்காகக் கழற்றாமல் கம்பியிலேயே விட்டு வைத்தேன். வண்டி மேலப்பாளையத்தில் சங்கிலியில் கிடக்கிறது, உடம்பு என் ஷெட்டில் கிடக்கிறது, இரண்டும் சேராதவரை ஆளுக்கு ஆபத்தில்லை என்பது என் கணக்கு.

சேர வேண்டிய அவசியம் செத்துப்போன அந்தப் பையனுக்கு இல்லை என்பது எனக்குப் படவே இல்லை. உட்காரத் தோதாக ஒரு வண்டியை நானே கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். அதுவும் காற்றுப் படாத இடத்தில், பூட்டு போட்டு.

தாஜ் தினமும் பகலில் வர ஆரம்பித்தார். காய்ந்துவிட்டதா என்று கேட்பார். ஈரம் தம்பி, மழைக்காலம் தம்பி என்பேன். சரி என்று ஒரு பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, கம்பியைப் பார்த்துக்கொண்டிருப்பார். நாளாக ஆக அந்த டப்பா கம்பிக்குக் கிட்டே போய்க்கொண்டிருந்தது. பேண்ட்டில் முழங்கால் உட்பக்கம் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்ததை ஒருநாள் பார்த்தேன். கறுப்பு அடித்த பிறகு அவர் அந்தத் துண்டுகளைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

கார்த்திகை பிறந்து இரண்டாம் வெள்ளி. ஜும்மா முடிந்து வந்தார். வெள்ளைச் சட்டை, அத்தர் வாசம். இரண்டரைக்குக் கரண்ட் போனது. சுவிசேஷமுத்து கதவடியில் வெளிச்சத்தில் பேப்பரைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

தாஜ் எழுந்து கம்பிக்கு அடியில் குனிந்து உள்ளே போனார்.

இறக்கைகளுக்குப் பின்னால், பலகைகளுக்கு நடுவில், காலை அகட்டி நின்றார். ஏதோ அளவு பார்க்கிறவர் மாதிரி.

“தம்பி, வெளிய வாங்க. பெயிண்டு ஒட்டும்.”

“இருங்க அண்ணாச்சி. கேக்குதான்.”

யார் என்று நான் கேட்கவில்லை. என்ன கேட்கிறான் என்றும் கேட்கவில்லை. அவரைக் கையைப் பிடித்து இழுத்து வெளியே போட்டிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, முகத்தில் தண்ணீர் அடித்தால் தெளிந்துவிடுவார் என்று ஒரு செம்பு தண்ணீருக்கு ஓடினேன். சுவிசேஷமுத்துவின் காலைத் தாண்டி, சுற்றிக்கொண்டு, வீட்டு அடிபம்புக்கு. சுவர்க் கடிகாரத்தில் மூன்று மணிக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.

பம்பு அடிக்கும்போது கேட்டது. ஒரே உதையில் கிளம்புகிற எஞ்சின். வண்டு பறக்கிற மாதிரி ஒரு வீறல். ஷெட்டுக்குள்ளிருந்து வந்து, எந்தப் பக்கமும் போகாமல், அப்படியே தேய்ந்து மறைந்தது.

திரும்பி வந்தேன்.

உள்ளே யாரும் இல்லை.

ஏழு துண்டும் ஊசலாடிக்கொண்டிருந்தன. தரையில் அவருடைய செருப்பு இரண்டும், ஓர் ஆள் வண்டி மேல் உட்கார்ந்தால் கால் தொங்குகிற அகலத்தில், ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம். அவற்றைச் சுற்றி மணல். நம் ஆற்று மணல் பருமனாக இருக்கும். இது மாவு.

சுவிசேஷமுத்து எழுந்து நின்றிருந்தார். தாஜ் எங்கே என்று கேட்டேன். பேப்பரை நாலாக மடித்துக்கொண்டே, இப்பதான் வெளிய போறாரு, வாரேன் சார்ன்னு சொல்லிட்டு பஸ் ஸ்டாப்புப் பக்கமாப் போனாரு என்றார்.

செருப்பில்லாமலா என்றேன். மடித்த பேப்பரை மறுபடியும் மடித்தார்.

தாஜ் முகம்மது சீவலப்பேரியில் கிடைத்தார். இரண்டு ஆறும் கூடுகிற இடத்து மணலில், வெறுங்காலோடு. இங்கிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். பார்த்தது நாற்று நட்டுக்கொண்டிருந்த சாரம்மாள் என்ற அம்மாள். மூன்று மணி பஸ் ஊருக்குள் திரும்புகிற நேரம் என்று அந்த அம்மாள் சத்தியம் செய்தார். வண்டிச் சத்தம் கேட்டதாம், வண்டியைக் காணோமாம், ஆள் மட்டும் மேலேயிருந்து விழுந்தானாம். மணல் நடுவில் ஆரம்பித்து இருபது காலடி தூரம் ஒற்றை டயர்த் தடம், கட்டை கட்டையாக. அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

கழுத்து முறிந்திருந்தது. இரண்டு கையும் முன்னால் வளைந்து, ஓர் இடுப்பைச் சுற்றிப் பிடித்த மாதிரி விறைத்திருந்தன. கபன் துணி சுற்ற அவற்றை நிமிர்த்தப் பட்ட பாட்டை மேலப்பாளையத்தில் இன்றைக்கும் சொல்வார்கள்.

வண்டி அவர் வீட்டு முற்றத்தில், சங்கிலியோடு, போட்டது போட்டபடி நின்றது.

விசாரிக்க வந்த போலீஸ்காரர்களிடம் நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர்களில் ஒருவர் கேட்டுவிட்டு, கொசுவுக்குப் பெயிண்ட் அடிச்சது நீங்கதானே பெரியவரே என்றார். அறுபது வருஷம் நான் விட்ட சரடெல்லாம் அன்றைக்கு ஒன்றாகத் திரண்டு என் வாயை அடைத்தது. அவர்கள் எழுதிக்கொண்டது சுவிசேஷமுத்து சொன்னதைத்தான். வெளியே போனார், பஸ் ஏறியிருப்பார், ஆற்றில் கால் தவறி விழுந்திருப்பார். பெண்பிள்ளைக்கு மணி தெரியாது. தடம் டிராக்டருடையது. நாலு நாளைக்குள் வண்ணார்பேட்டை முழுவதும் அதுதான் நடந்தது என்றாகிவிட்டது.

நிலோஃபரைப் பார்க்க ஒரு தடவைதான் போனேன். அவர் அழவில்லை. என்னிடம் கோபப்படவும் இல்லை. ஒங்ககிட்டத்தானே அண்ணாச்சி இருந்துச்சு என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். ஆமாம் என்று சொன்னேன். என்னிடம்தான் இருந்தது.

ஷெட்டைப் பூட்டினேன். சாவியை பிரம்மநாயகி சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள். உள்ளே எதையும் கழற்றவில்லை. கழற்ற எனக்குத் தைரியம் வரவில்லை. நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்ததும், அந்தத் துண்டுகள் வேண்டாம், என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள் என்று நிலோஃபரிடமிருந்து ஓர் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

தனியாகத் திறக்க முடியாது. சுவிசேஷமுத்துவைக் கூப்பிட்டேன். நாற்பது நாளாக அவர் அந்த நாற்காலிக்கு வரவே இல்லை. முதலில் இடுப்பு வலி என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டினார்.

பகல் பன்னிரண்டு மணி. நல்ல வெயில். பூட்டைத் திறந்தேன்.

அந்த வாடை வெளியே வந்து எங்கள் இருவர் மேலும் பட்டது.

கறுப்புத் துண்டுகள் அசையாமல் தொங்கின. டாங்க் இறக்கைகளில் முழங்கால் இடம் மஞ்சளாகியிருந்தது. அதை நான் எதிர்பார்த்தேன்.

சீட்டுக்கு அடியில் வருகிற பக்கப் பலகைகளை நான் எதிர்பார்க்கவில்லை.

அவற்றிலும் இரண்டு தேய்மானம். முன்னால் இருந்ததைவிட அகலம். நெட்டையான ஓர் ஆளின் முழங்கால், பின்சீட்டில் உட்கார்ந்தால் அழுத்துகிற இடம். ஓரமே இல்லாமல் கறுப்பு மெலிந்து மெலிந்து மஞ்சளில் கரைந்திருந்தது. மூன்று தடவை ஒருத்தனுக்கு அடித்தேன் என்று சொன்னேன் அல்லவா, மூன்றாவது தடவை அடித்தது இரண்டு பேருக்கு.

சுவிசேஷமுத்து கிட்டே போனார். பலகையைத் தடவினார். நகத்தால் ஓரத்தைச் சுரண்டினார். பெயிண்ட் வரவில்லை, கல் மாதிரிப் பிடித்திருந்தது. விரலை மூக்கருகே கொண்டுபோனார். எந்தப் புட்டியில் எந்த அமிலம் என்று மோந்து சொல்கிற மனுஷன்.

“அத்தரு” என்றார்.

கம்பி முனகியது. ஏழு துண்டும் இடது பக்கம் சாய்ந்தன. முன்பு சாய்ந்ததைவிடத் தாழ்வாக, பாரம் கூடின வண்டி மாதிரி.

அவர் பின்வாங்கி வந்து கதவைப் பிடித்துக்கொண்டார். நான் காரணம் எதுவும் கேட்கவில்லை. அவராகத்தான் பேசினார், என்னைப் பார்க்காமல், அந்த நாற்காலி கிடந்த இடத்தைப் பார்த்து.

“நான் அன்னைக்குப் பேப்பர் படிக்கலவே. அவன் ஒம்மகிட்டப் பேசுறதக் கேட்டுட்டு, உள்ளதான் பாத்துக்கிட்டு இருந்தேன்.”

“பெறவு ஏன்வே வெளிய போனான்னு சொன்னீரு?”

“வெளிய வரலன்னு சொன்னா போலீசு ஒம்மள உள்ள வச்சிருப்பான். என்னத்தச் சொல்லி நான் ஒம்மள வெளிய கொண்டாருவேன்? ஏறி உக்காந்தான்னா?”

நான் அவர் கையைப் பிடித்தேன். குளிர்ந்திருந்தது. உள்ளே துண்டுகள் பைய நிமிர்ந்து, வலது பக்கம் சாயத் தொடங்கின.

“எந்தக் காரணமும் இல்லவே, சிவசைலம். அவன் கதவு வழியா வரல. நீரு சொன்னதுதான் நடந்துச்சு.”